கர்ப்ப காலத்தில் 'கொஞ்சூண்டு' மது பரவாயில்லையா? கம்பம் பள்ளத்தாக்கு வீடுகளில் கணக்கில் வராத அந்த ஒரு மூடி!

"மருந்துக்குத்தானே... ஒரு மூடி போதும்." சளி, இருமல், மழையில் நனைந்து வந்த உடம்பு வலி, எதுவாக இருந்தாலும் பிராந்தி பாட்டிலை எடுக்கும் பழக்கம் தமிழ்நாட்டில் பல வீடுகளில் இன்னும் இருக்கு. பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேறணும் என்று கொடுப்பவர்களும் உண்டு. சரி, பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அதே ஒரு மூடி கொடுத்தால்? ஒரு சின்ன டம்ளர் ஒயின் குடித்தால்? நிறைய குடித்தால் ஆபத்து என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 'கொஞ்சம்' என்பதில்தான் குழப்பமே.

தேனி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு கிளையும் இருக்கு. கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று போகிற வழியெல்லாம் திராட்சைப் பந்தல். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை, உலக அளவில் 'மஸ்கட் ஹாம்பர்க்' என்று அழைக்கப்படும் ரகம். சாப்பிடவும் ஆகும், ஒயினுக்கும் ஆகும். பள்ளத்தாக்கிலேயே, சின்ன ஓவுலாபுரத்தில், ஒயின் ஆலையும் வந்தது. மலை ஏறி குமுளி பக்கம் போனால் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் செய்த ஒயின், சட்டப்படி நடக்கும் கள்ளுக்கடை என்று வேறு உலகம். ஏலத்தோட்ட வேலைக்காக தினமும் ஜீப்பில் எல்லை தாண்டிப் போய் வருபவர்களுக்கு இரண்டு உலகமும் பழக்கம்தான்.

பழம் வேற, ஒயின் வேற

"ரெட் ஒயின் குடிச்சா ரத்தம் ஊறும், பிள்ளை கலரா பொறக்கும்." இப்படி ஒரு நம்பிக்கை வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் சுற்றிக்கொண்டே இருக்கு. குழந்தையின் நிறத்தைத் தீர்மானிப்பது மரபணு. குங்குமப்பூவுக்கும் அதில் வேலை இல்லை, ஒயினுக்கும் இல்லை.

ரத்தம் ஊறும் கதையும் அப்படித்தான். திராட்சை நல்ல பழம், கழுவிச் சாப்பிடலாம். ஆனால் 100 கிராம் திராட்சையில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூட வராது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம். பழம் ஒயினாக மாறும்போது இரும்புச்சத்து கூடுவதில்லை, சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறுகிறது.

'கொஞ்சம்'னா எவ்வளவு?

ஆய்வாளர்கள் டம்ளரை எண்ணுவதில்லை. உள்ளே எத்தனை கிராம் ஆல்கஹால் போகிறது என்றுதான் பார்ப்பார்கள். நம் ஊர் அளவுகளை அப்படி மாற்றிப் பார்த்தால் கணக்கு சுவாரஸ்யமாகிறது.

12 சதவீத ஒயின் 100 மில்லி என்றால் சுமார் 9.5 கிராம் ஆல்கஹால். 42.8 சதவீத பிராந்தி 30 மில்லி என்றால் 10 கிராம். ஒரு மூடியை 10 மில்லி என்று வைத்துக்கொண்டால் அதில் சுமார் 3.4 கிராம். கள் மரத்திலிருந்து இறங்கிய நேரத்திலிருந்து புளித்துக்கொண்டே போகும். 5 சதவீதம் என்று எடுத்தாலும் 200 மில்லி டம்ளரில் 8 கிராம் வந்துவிடும்.

2025 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் சீமான் பனை ஏறிக் கள் இறக்கிய போராட்டத்துக்குப் பிறகு 'கள் உணவா, மதுவா' என்ற விவாதம் சூடு பிடித்தது. 1987 முதல் இருக்கும் கள் தடை சரியா தவறா என்பது தனிக் கதை. பனைத் தொழிலாளர்களின் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு 8 கிராம் ஆல்கஹால் 8 கிராம் ஆல்கஹால்தான். அது பனையிலிருந்து வந்ததா, பந்தலிலிருந்து வந்ததா என்று பார்க்காது.

இந்தப் பட்டியலில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று அரிஷ்டம். தசமூலாரிஷ்டம், திராட்சாரிஷ்டம் போன்றவை புளிக்க வைத்துத் தயாரிப்பவை. அதில் ஆல்கஹால் தானாகவே உருவாகும், லேபிளிலும் அச்சிட்டிருப்பார்கள். 8 சதவீதம் உள்ள அரிஷ்டத்தை வேளைக்கு 30 மில்லி வீதம் தினம் இரண்டு வேளை குடித்தால் வாரத்துக்கு சுமார் 26 கிராம் ஆல்கஹால். வெளிநாட்டு ஆய்வுகளில் 'குறைந்த அளவு குடிப்பவர்' என்பதற்கான உச்ச வரம்பு பெரும்பாலும் வாரத்துக்கு 32 கிராம். அதாவது, வாழ்க்கையில் டாஸ்மாக் பக்கமே போகாத ஒரு பெண் அந்த வரம்பின் பக்கத்தில் நிற்பார்.

இதனால் அரிஷ்டம் எல்லாம் விஷம் என்று அர்த்தமில்லை. தசமூலாரிஷ்டம் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு கொடுக்கப்படுவது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே, 'நாட்டு மருந்துதானே' என்று மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிப்பதுதான் பிரச்னை.

குழந்தைக்கு எப்படிப் போகுது?

தாய் குடித்த ஆல்கஹால் நஞ்சுக்கொடியைத் தாண்டி நேராக குழந்தையின் ரத்தத்துக்குப் போகும். தடுப்புச் சுவர் எதுவும் கிடையாது. கொஞ்ச நேரத்தில் தாயின் ரத்தத்தில் எவ்வளவோ, குழந்தையின் ரத்தத்திலும் ஏறக்குறைய அவ்வளவு. பெரியவர்களின் ஈரல் அதை உடைத்துத் தள்ளிவிடும். குழந்தையின் ஈரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. தாய்க்கு 'இறங்கிய' பிறகும் பனிக்குட நீரில் ஆல்கஹால் தங்கியிருக்கும்.

முகம், இதயம் போன்றவை உருவாவது முதல் சில வாரங்களில். பல பெண்களுக்கு அப்போது தான் கர்ப்பம் என்பதே தெரியாது. மூளை மட்டும் விதிவிலக்கு, அது கடைசி மாதம் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் 'மூணு மாசம் தாண்டியாச்சு, இனி பயமில்லை' என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை.

மது இப்படிக் குழந்தைகளைப் பாதிப்பதை 1968-ல் பிரான்ஸில் லெமுவான் என்ற மருத்துவரின் குழு எழுதியது. 1973-ல் அமெரிக்காவில் ஜோன்ஸ், ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்: ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம். வளர்ச்சிக் குறைவு, முகத்தில் சில அடையாளங்கள், மூளைப் பாதிப்பு. முகத்தில் எதுவும் தெரியாமல், பள்ளியில் கவனம் நிற்காமல், கணக்கு ஏறாமல், கோபம் அடங்காமல் இருக்கும் குழந்தைகளும் இந்தப் பாதிப்பின் லேசான வடிவத்தில் இருக்கலாம். இந்த ரகம்தான் கண்டுபிடிக்கக் கஷ்டம். 'சேட்டை', 'மக்கு' என்று முத்திரை குத்தி விட்டுவிடுவோம்.

2017-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த மதிப்பீட்டின்படி, கர்ப்பத்தில் மது அருந்திய பெண்களில் 67 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் முழுமையான சிண்ட்ரோமுடன் குழந்தை பிறக்கிறது. இதில் அதிகம் குடித்தவர்களும் குறைவாகக் குடித்தவர்களும் கலந்தே இருக்கிறார்கள். எனவே 'ஒரு டம்ளர் குடித்தால் 67-ல் ஒரு ரிஸ்க்' என்று இதைப் படிக்கக் கூடாது.

அப்போ, கொஞ்சமா குடிச்சா?

இங்கேதான் நேர்மையாகப் பேச வேண்டியிருக்கு. குறைந்த அளவு மது குழந்தையைக் கெடுக்கும் என்று சந்தேகமில்லாமல் நிரூபித்த ஆய்வு இன்னும் வரவில்லை. கெடுக்காது என்று நிரூபித்த ஆய்வும் இல்லை.

'பரவாயில்லை' பக்கத்தில் நிற்பவர்கள் கையில் வலுவான காகிதங்கள் இருக்கு. 2012-ல் டென்மார்க்கில் 1,628 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், வாரத்துக்குச் சில டிரிங்க் குடித்தவர்களின் குழந்தைகளுக்கு 5 வயதில் அறிவுத்திறனில் வித்தியாசம் தெரியவில்லை. பிரிட்டனின் மில்லினியம் குழந்தைகள் ஆய்வில், லேசாகக் குடித்த தாய்மார்களின் பிள்ளைகள் சில தேர்வுகளில் குடிக்காதவர்களின் பிள்ளைகளைவிட ஒரு படி மேலேயே இருந்தார்கள். அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் எமிலி ஆஸ்டர் 2013-ல் எழுதிய புத்தகத்தில், அளவோடு குடிப்பதற்கு இவ்வளவு பயம் தேவையில்லை என்று வாதாடினார். பெரிய சண்டையே நடந்தது.

ஒரு நிமிஷம். மது குடித்தால் குழந்தை புத்திசாலி ஆகுமா என்ன? பிரிட்டனில் கர்ப்பத்தில் அளவாக ஒயின் குடிப்பவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் புரியும். பெரும்பாலும் நல்ல படிப்பு, நல்ல சம்பளம், வீடு நிறைய புத்தகம் இருப்பவர்கள். அந்த வசதி குழந்தையை மேலே தூக்குகிறது. ஒயின் லேசாகக் கீழே இழுத்திருந்தாலும் வெளியே தெரியாது. ஆய்வாளர்கள் கணக்கில் இதைச் சரிசெய்யப் பார்ப்பார்கள், முழுசாக முடியாது.

இந்தச் சிக்கலைத் தாண்ட பிரிட்டனின் பிரிஸ்டல், ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2012-ல் வேறு வழி பிடித்தார்கள். ஆல்கஹாலை உடைக்கும் வேகம் ஒவ்வொருவருக்கும் மரபணுவைப் பொறுத்து மாறும். மரபணு யாருடைய சம்பளத்தையும் பார்த்து வருவதில்லை. 4,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்ததில், மெதுவாக உடைக்கும் வகை மரபணு இருந்த குழந்தைகளுக்கு 8 வயதில் அறிவுத்திறன் மதிப்பெண், ஒவ்வொரு மரபணு மாற்றத்துக்கும் கிட்டத்தட்ட 2 புள்ளி குறைந்திருந்தது. ஆனால் எல்லாருக்கும் இல்லை! தாய் வாரத்துக்கு 1 முதல் 6 யூனிட் வரை (ஒரு யூனிட் 8 கிராம்) குடித்திருந்தால் மட்டும். தாய் குடிக்கவே இல்லை என்றால் அந்த மரபணு இருந்தும் வித்தியாசம் இல்லை. 2 புள்ளி சின்ன விஷயம்தான். ஆனால் 'கொஞ்சம்' என்பது பூஜ்யம் அல்ல என்று காட்டியதில் இந்த ஆய்வு முக்கியமானது.

பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழுவே 2017-ல் அதுவரை வந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வாரத்துக்கு 32 கிராமுக்குள் குடித்தவர்களுக்கு, வயிற்றில் வளர்ச்சி குறைந்து சிறிதாகக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 8 சதவீதம் கூடுதல். மற்ற பாதிப்புகளுக்கு உறுதியாகச் சொல்லப் போதுமான ஆய்வே இல்லை. ஆதாரம் கிடைக்கவில்லை என்பதை ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதால்தான் அரசு ஆலோசனைகளும் மாறின. பிரிட்டனில் 2008-ல் 'முதல் மூன்று மாதம் தவிருங்கள், அதன்பின் குடித்தே ஆக வேண்டும் என்றால் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, 1-2 யூனிட்டுக்கு மேல் வேண்டாம்' என்று இருந்தது, 2016-ல் 'குடிக்காமல் இருப்பதே பாதுகாப்பு' என்று ஆனது.

அந்த ஊர் ஆய்வு, இந்த ஊர் உடம்பு

டென்மார்க் ஆய்வை அப்படியே கம்பத்துக்குக் கொண்டுவருவதில் இன்னொரு சிக்கல். உடல் எடை குறைவாக இருந்தால் அதே அளவு மதுவுக்கு ரத்தத்தில் ஆல்கஹால் அதிகம் ஏறும். தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த ஐரோப்பியப் பெண்ணுக்குப் 'பரவாயில்லை' என்று வந்த முடிவு, காலை கஞ்சியோடு தோட்டத்துக்குப் போகும் பெண்ணுக்கும் பொருந்தும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

இதற்கு ஒரு பாடம் வேறொரு திராட்சைப் பள்ளத்தாக்கில் இருக்கு. தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் மாகாணத்தில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாக ஒயினையே ஊற்றிக் கொடுத்தார்கள். 'டாப்' முறை என்று பெயர். தடை செய்த பிறகும் அதன் பழக்கம் தலைமுறை தாண்டி நின்றது. அங்கே வெலிங்டன் பகுதியில் முதல் வகுப்புக் குழந்தைகளைப் பரிசோதித்தபோது, 1,000 பேரில் 40-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம். அவர்கள் குடித்தது 'கொஞ்சம்' இல்லை, வார இறுதியில் மொத்தமாக. கம்பத்தோடு அதை ஒப்பிடவே முடியாது. ஆனால் அங்கே செய்த ஆய்வுகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது: ஒரே அளவு குடித்தாலும், மெலிந்த, சத்துக் குறைந்த தாய்மார்களின் குழந்தைகளே அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

ஜீப்புல போறதும் ரிஸ்க்தானே?

நியாயமான கேள்வி. கர்ப்பிணி ஒருவர் லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதையில் ஜீப்பில் போவதும் ரிஸ்க்தான். அதை யாரும் தடை செய்வதில்லை, ஏனென்றால் அந்தப் பயணத்தின் முடிவில் அன்றைய கூலி இருக்கு. பூஜ்ய ரிஸ்க்கில் யாராலும் வாழ முடியாது. எதை ஏற்கலாம் என்பது, அதனால் என்ன கிடைக்கிறது என்பதையும் பொறுத்தது.

அந்த ஒரு மூடி பிராந்தியால் என்ன கிடைக்கிறது? சளி போகாது. குடித்ததும் உடம்பு சூடாவது போல இருப்பது, தோலுக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் வரும் உணர்வு, அவ்வளவுதான். உள்சூடு உண்மையில் குறையும். ஒயினால் ரத்தம் ஊறாது, நிறம் மாறாது. கர்ப்பிணியின் உடம்புக்கு வரவு என்று எழுத ஒன்றும் இல்லாத இடத்தில், செலவு சின்னதா பெரியதா என்று அளந்துகொண்டிருப்பதில் அர்த்தம் குறைவு.

"தெரியாம குடிச்சுட்டேன்... இப்போ என்ன பண்றது?"

கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பு ஒரு விசேஷ வீட்டில் குடித்தது, மாமியார் கொடுத்த மருந்தில் இருந்தது என்று பின்னால் தெரிந்து தூக்கம் கெட்டுப் போகிறவர்கள் நிறைய. ஒன்றிரண்டு முறை குறைந்த அளவு உள்ளே போயிருந்தால் குழந்தை பாதிக்கப்பட்டிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அந்தப் பயத்தில் கருவைக் கலைக்க ஓடுவது வேண்டாம், அதற்கு மட்டும் அது காரணமே இல்லை. தெரிந்த நாளிலிருந்து நிறுத்தினாலே போதும். எந்த மாதத்தில் நிறுத்தினாலும் மூளைக்கு லாபம்தான். மருத்துவரிடம் அளவையும் நாட்களையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, வழக்கமான ஸ்கேன், மாத்திரை என்று தொடரலாம்.

ஒரு விதிவிலக்கு: தினமும் அதிகம் குடிக்கும் பழக்கம் இருப்பவர்கள் திடீரென்று தாங்களாக நிறுத்தக் கூடாது. நடுக்கம், வலிப்பு வரை போகலாம். மருத்துவமனையில் கண்காணிப்போடுதான் நிறுத்த வேண்டும்.

பால் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாயின் ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹாலோ, பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு கொடுக்கும் பிராந்தி 'தாய்க்குத்தானே' என்று நினைத்தால் தப்பு. பச்சைக் குழந்தை நாக்கில் சளிக்காகத் தடவும் சொட்டு பிராந்தி அதைவிட மோசம்.

யாரும் கேட்காத கேள்வி

தமிழ்நாட்டில் மது அருந்தும் பெண்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே என்கிறது அதே குடும்ப நல ஆய்வு. ஆண்களில் சுமார் நாலில் ஒருவர். இந்த எண்ணாலேயே ஒரு சிக்கல் வருகிறது. 'நம்ம ஊர்ல பொம்பளைங்க குடிக்க மாட்டாங்க' என்ற நினைப்பில் கேள்வி கேட்பவரும் கூச்சப்படுவார், பதில் சொல்பவரும் 'சேச்சே' என்பார். மருந்து என்று குடித்ததை அவர் மது என்றே நினைத்திருக்க மாட்டார். 'மது அருந்துவீர்களா?' என்று கேட்டால் வராத பதில், 'பிராந்தி, அரிஷ்டம், வீட்டு ஒயின் ஏதாவது யாராவது கொடுத்தாங்களாம்மா?' என்று கேட்டால் வரலாம்.

மிரட்டினாலும் வேலைக்கு ஆகாது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணம் 1998-ல் கட்டுக்கடங்காமல் குடிக்கும் கர்ப்பிணிகளைப் பிடித்து வைக்கவே சட்டம் போட்டது. இப்படிப்பட்ட சட்டங்களால் பெண்கள் பயந்து செக்கப்புக்கே வராமல் போவார்கள் என்று அங்குள்ள மருத்துவர் சங்கங்களே எதிர்க்கின்றன. இங்கே சட்டம் இல்லை. ஆனால் 'குடிகாரி' என்ற ஒரு சொல் அதே வேலையைப் பார்க்கிறது. கணவர் தினம் குடித்துவிட்டு வரும் வீட்டில், கர்ப்பிணிக்குக் கிடைக்கும் சாப்பாடு, தூக்கம், அடி உதை பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை என்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

பாட்டிலாவது சொல்கிறதா என்று பார்த்தால், 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் மது பாட்டில்களில் கட்டாயமான எச்சரிக்கை இரண்டே விஷயம் பேசுகிறது: உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே. கர்ப்பம் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பிரான்ஸில் 2007-லிருந்து பாட்டிலில் கர்ப்பிணிப் படத்தின் மேல் தடைக்கோடு போட்ட சின்னம் இருக்கு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 2023 ஜூலை 31 முதல் கட்டாயம்.

அதுவரை, வீட்டில் இருக்கும் டானிக், அரிஷ்டம், நாட்டு மருந்து பாட்டில்களைத் திருப்பி 'ஆல்கஹால்' என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பது கர்ப்பிணி உள்ள எந்த வீட்டிலும் ரெண்டு நிமிஷ வேலை. போட்டிருந்தால், அடுத்த செக்கப்புக்குப் போகும்போது அந்த பாட்டிலையே பையில் எடுத்துப் போய் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ, க.விலக்கு தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டலாம். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால், அரசின் இலவச மருத்துவ ஆலோசனை எண் 104.